வளர்பிறை அட்டமி

சேசு மரி சூசை

நாரந்தனை,
30.3.1958

அன்புத் தங்கச்சி ஜசிந்தாவுக்கு,

அண்ணன் அம்புறோஸ் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். கத்தரீனாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உன்னுடைய ஆஸ்பத்திரி வேலை எப்படி? மச்சான் மரியநாயகத்துக்கு இருமல் நின்றுவிட்டதா?

நேற்று ஊர்காவற்றுறைக் கடைத்தெருவில் ஒரு பஸ்ஸை மறித்து, இலக்கத் தகட்டில் அரசாங்கம் புதிதாகப் போட்ட சிங்கள ஸ்ரீ எழுத்துக்கு எங்கள் பெடியள் தார் பூசினார்கள். சனம் கை தட்டியது. மீன்பிடிச் சங்கக் கந்தோர் வாசலில் நின்ற எனக்குக் கை தட்ட வரவில்லை. தமிழில் எனக்குப் பற்றில்லை என்று நினைக்காதே. யுத்த காலத்தில் மலாயாவில் யப்பான்காரன் ஈப்போவுக்குள் வந்தவுடன் கை வைத்தது எழுத்தில்தான். ஸ்டேஷன் பெயர்ப் பலகை மாறியது. மணிக்கூடுகள் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டன. ரயில்வேயில் கிளாக்கராக இருந்த நாங்கள் சிரித்தோம். எழுத்துத்தானே, நேரந்தானே என்றோம். பிறகு ஆட்பதிவு வந்தது. அதற்குப் பிறகு ஆளேற்றிப் போக லொறி வந்தது.

இங்கே பூசிய தாருக்கு அங்கே கொழும்புப் பக்கம் என்ன பதில் வருமோ என்று பயமாக இருக்கிறது. பாஸ்குத் திருநாளுக்கு லீவு கிடைத்தால் இரண்டு பேரும் வாருங்கள். திரும்பிப் போவதைப் பற்றிப் பிறகு யோசிப்போம்.

உங்களை மாதாவின் கையில் ஒப்படைத்து முடிக்கிறேன்.
அம்புறோஸ்


ரத்மலானை,
8.4.1958

அன்புள்ள அம்புறோஸ் அண்ணைக்கு,

இங்கே இருவரும் சுகம். இவருக்கு இருமல் நின்றுவிட்டது. மச்சாளின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன், சூடு காட்டிப் பூசச் சொல்லுங்கள். லீவு கிடைக்கவில்லை. நேர்ஸ்மார் குறைவு. பாஸ்குப் பூசைக்கு இங்குள்ள கோயிலுக்கே போனோம். பிரசங்கம் சிங்களத்தில். இவருக்கு எல்லாம் விளங்கிற்று, எனக்குப் பாதி.

நீங்கள் சொன்ன பதில் வந்துவிட்டது அண்ணை. எங்கள் ஒழுங்கை முனையில் அனலைதீவு அப்புத்துரை அண்ணையின் சுருட்டுக்கடை இருக்கிறதல்லவா, அவருடைய பெயர்ப் பலகைக்கும் தார் பூசிவிட்டார்கள். மனிசன் மண்ணெண்ணெயும் பழந்துணியுமாக நின்று துடைத்தார். நான் ஆதங்கப்பட்டதற்கு, "என்ரை சுருட்டை வாங்கிறவன் பலகையைப் பாத்தோ வாங்கிறவன் தங்கச்சி? மணத்தைப் பிடிச்சுக்கொண்டு வருவான்" என்று சிரித்தார். அவருடைய மனைவி சிவக்கொழுந்து அக்கா ஊரில்தானே. வருடம் ஒருமுறை போய்ப் பார்த்துவருகிற மனிசன், பாவம்.

உங்களுக்கு எதைக் கண்டாலும் யப்பான்காரன்தான் ஞாபகம். அவன் கடல் கடந்து வந்த பட்டாளம். இவர்கள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள். பயப்படாமல் இருங்கள்.

நேசமுள்ள தங்கச்சி
ஜசிந்தா


நாரந்தனை,
16.4.1958

அன்புத் தங்கச்சிக்கு,

தைலம் கிடைத்தது. கத்தரீனா இன்று கோயிலுக்கு நடந்தே போய்வந்தாள், உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

தமிழுக்கு இடம் தருவதாகப் பிரதமர் எங்கள் தலைவரோடு செய்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள் என்று கடைத்தெரு ரேடியோவில் கேட்டேன். இரண்டு தலைவர்கள் கையெழுத்து வைத்ததை ஒரு நாள் கூச்சலுக்குக் கிழிக்க முடியுமென்றால், சட்டம் யாருடைய கையில் இருக்கிறது? கூச்சல் போடுகிறவனுடைய கையில்.

நீ என்னைப் பகிடி பண்ணுகிறாய். ஆகவே உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஈப்போவில் ஒரு நாள் எங்கள் எல்லாரையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். தலையில் சாக்குப் போட்டு, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட ஒரு ஆளைக் கூட்டிவந்தார்கள். அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தான். அவன் தலையை அசைத்தால் லொறி. எனக்குப் பக்கத்தில் நின்ற சீனக் கிளாக்கருக்கு அசைத்தான். எனக்கு அசைக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. அந்தச் சாக்குக்குள் இருந்தவன் யப்பான்காரன் அல்ல, ஜசிந்தா. எங்கள் தெருவில் எங்களோடு தேத்தண்ணி குடித்த ஒருவன்.

யப்பான்காரன் தோற்றுப் போன கிழமை, இவன்தான் அவன் என்று ஒருவனைச் சந்தையில் பிடித்துச் சனம் அடித்தே கொன்றது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படிப்பட்டவனுக்கு நரகமும் போதாது என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கவனமாக இருங்கள். முடிந்தால் வந்துவிடுங்கள்.
அம்புறோஸ்


ரத்மலானை,
4.5.1958

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம். நீங்களும் மச்சாளும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன்.

உங்கள் கடிதத்தை இவர்தான் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். சாக்குப் போட்ட ஆளைப் பற்றி வாசித்துவிட்டு, "மனிசனாய்ப் பிறந்தவன் இதைச் செய்ய ஏலுமோ" என்று கடிதத்தை மடித்து வைத்தார். அன்று அவர் சாப்பிடவும் இல்லை.

ஒரு நல்ல செய்தி. கந்தோரில் வைத்த சிங்களமொழிச் சோதனையில் இவர் பாஸ். கந்தோரில் தமிழ் ஆட்களில் இவர் ஒருவர்தான். இனி வேலைக்குப் பயமில்லை. கதைக்கும்போது கேட்டால் சிலாபத்துச் சிங்கள ஆள் என்றுதான் நினைப்பார்கள். அப்புத்துரை அண்ணை வெற்றிலையோடு வந்து வாழ்த்திவிட்டு, "தம்பி, எனக்கு ஏதும் அரசாங்கக் கடிதம் வந்தால் நீர்தான் வாசிச்சுச் சொல்லவேணும்" என்று கேட்டார். "அதுக்கென்ன அண்ணை" என்றார் இவர்.

ஒழுங்கை அமைதியாகத்தான் இருக்கிறது. யோசிக்க வேண்டாம்.

ஜசிந்தா


நாரந்தனை,
29.5.1958

ஜசிந்தாவுக்கு,

அவசரகாலச் சட்டம் என்கிறார்கள். பேப்பரில் செய்தியைத் தணிக்கை பண்ணிவிட்டார்கள், வெறும் வெள்ளை. ரயில் இல்லை. பொலநறுவைப் பக்கம் சனத்தை வெட்டினார்கள், பாணந்துறையில் எரித்தார்கள் என்று வாய்க்கு வாய் கதை. எதை நம்புவது, எதை விடுவது என்று தெரியவில்லை. தந்தி அடிக்கப் போனேன், எடுக்க மாட்டோம் என்றார்கள். இந்தக் கடிதமும் போய்ச் சேருமோ தெரியாது.

ஒரு வரி போதும். இரண்டு பேரும் இருக்கிறோம் என்று ஒரு வரி எழுது.

அண்ணன்


நாரந்தனை,
9.6.1958

ஜசிந்தா,

உன்னிடமிருந்து இன்னும் ஒன்றும் இல்லை. காங்கேசன்துறைக்குக் கப்பலில் சனம் வந்து இறங்குகிறது. போய் நின்று பார்த்தேன். கட்டின உடுப்போடு இறங்குகிறார்கள். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற ஒருவர் பெண்சாதியின் செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்கினார். அவளைக் காணவில்லை.  ரத்மலானை ஆட்கள் யாரும் உண்டோ என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

கத்தரீனா கோயிலே கதியாகக் கிடக்கிறாள்.

அம்புறோஸ்


நேர்ஸ்மார் விடுதி, கொழும்பு,
10.6.1958

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உடம்பில் ஒரு காயமும் இல்லை. இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள்.

நான் வரவில்லை. வார்டில் கட்டிலுக்குக் கீழும் ஆட்களைக் கிடத்தியிருக்கிறோம், விட்டுவிட்டு வர ஏலாது. இவர் அடுத்த கப்பலில் வருகிறார். போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள். வீட்டில் வைத்திருங்கள்.

அவரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். தயவுசெய்து.

ஜசிந்தா


நாரந்தனை,
29.6.1958

அன்புத் தங்கச்சிக்கு,

உன் எழுத்தைக் கண்டபிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஆண்டவருக்குத் தோத்திரம். மச்சான் வந்து சேர்ந்தார். காயம் இல்லை, உண்மைதான். ஆனால் ஆள் பாதியாகிவிட்டார்.

நீ சொன்னபடி நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நடப்பதை உனக்குச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அவர் பூசைக்கு வருவதில்லை. சுவாமியார் வீடு தேடி வந்தபோது பின்பக்கத்தால் வயலுக்குப் போய்விட்டார். சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருக்கிறார்.

போன கிழமை அனலைதீவிலிருந்து சிவக்கொழுந்து வந்தார், உங்கள் அப்புத்துரையின் மனைவி. கப்பலில் வந்த ஒவ்வொருவரையும் தேடித் தேடி விசாரிக்கிறாராம். மச்சான் அதே ஒழுங்கையில் இருந்தவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "தம்பி, நீங்கள் அவரைக் கண்டனீங்களோ?" என்று கேட்டார். மச்சான் நிலத்தைப் பார்த்தபடி, "நான் கந்தோரிலை நிண்டனான், ஒண்டும் தெரியாது" என்றார். சிவக்கொழுந்து அழவில்லை. கத்தரீனா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "திரும்பி வருவன், ஏதும் ஞாபகம் வந்தால் சொல்லுங்கோ" என்று போனார். அவர் படலையைத் தாண்டியதும் மச்சான் கிணற்றடிக்குப் போய் உடுப்போடு வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் ஊற்றினார்.

ஜசிந்தா, அப்புத்துரைக்கு என்ன நடந்தது?

அம்புறோஸ்


நாரந்தனை,
9.7.1958

தங்கச்சிக்கு,

என் கடிதம் கிடைத்திருக்கும். மறுமொழி இல்லை.

சிவக்கொழுந்து மறுபடியும் வந்தார். சோளகக் காற்றில் வள்ளத்தில் நனைந்துகொண்டு வந்தார். அவர் வருவதைத் தூரத்தில் கண்டவுடனே மச்சான் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். மச்சான் வீட்டில் இல்லை என்று நான் பொய் சொன்னேன். யாருக்காக, எதற்காகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவேண்டாமா?

சுகமா என்று கேட்டு எழுதுகிற கடிதமல்ல இது. நடந்ததைச் சொல்.

அம்புறோஸ்


கொழும்பு,
18.7.1958

அண்ணைக்கு,

சொல்கிறேன்.

மே 26, அந்தத் திங்கட்கிழமை எனக்கு இரவு வேலை. பகல் வீட்டில் நின்றேன். விடியவே அப்புத்துரை அண்ணை குசினி வாசலுக்கு வந்தார். "தங்கச்சி, நான் கடைப் பலகையைப் போட்டிட்டு உள்ளுக்கை இருக்கப்போறன். பூட்டிக்கிடந்தால் ஆளில்லையெண்டு போயிடுவாங்கள். வந்து தட்டிக்கிட்டிப் போடாதேங்கோ" என்றார். இவர் சேட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். "ஓம் அண்ணை, கவனம்" என்று சொன்னவரும் இவர்தான்.

பின்னேரம் லொறி வந்து ஒழுங்கை முனையில் நின்றது. பொல்லும் பெற்றோல் தகரமுமாக இறங்கினார்கள். இவர் கந்தோரிலிருந்து நடந்து வந்து அவர்களுக்கு நடுவில் அகப்பட்டார். நான் யன்னல் நீக்கலால் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரடா நீ என்று கேட்டார்கள். மரியானு, சிலாபத்துக் கத்தோலிக்கன் என்று இவர் சொன்னார். பேச்சில் ஒரு பிசகும் இல்லை. நம்பிவிட்டார்கள். அந்த நம்பிக்கைதான் எங்களுக்கு வினையாயிற்று. எங்கள் ஆளென்றால் தமிழ் வீடு எதென்று காட்டு என்றார்கள். எல்லாரும் போய்விட்டார்கள் என்று இவர் முதலில் சொன்னார், அண்ணை. சத்தியமாகச் சொன்னார். ஒருவன் கன்னத்தில் அறைந்து, பொய் சொன்னால் உன்னையும் சேர்த்துக் கொளுத்துவோம் என்றான். மற்றத் தமிழ்க் குடும்பங்கள் முதல் நாளே போய்விட்டன. மிஞ்சியது எங்கள் வீடும் அந்தக் கடையும்தான்.

இவர் எங்கள் வீட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கடையைக் காட்டினார்.

உள்ளே இருந்து வந்த சத்தத்தைப் பற்றி நான் எழுதமாட்டேன். லொறி போனபிறகு இவர் வீட்டுக்குள் வந்து கதவில் சாய்ந்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். இரவு ஆஸ்பத்திரி வாகனம் வந்து எங்களை ஏற்றியது. இன்றுவரை நாங்கள் இதைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கை கடையைக் காட்டாமல் விட்டிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இல்லை. அதை நினைத்து நன்றி சொல்லவும் ஏலவில்லை, காறித் துப்பவும் ஏலவில்லை.

ஈப்போ மைதானத்து ஆளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதப் பயந்தேன். இனி உங்கள் விருப்பம். அவரை வீட்டை விட்டுத் துரத்தினாலும் உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

ஜசிந்தா


நாரந்தனை,
10.8.1958

அன்புத் தங்கச்சி ஜசிந்தாவுக்கு,

நீ சுகமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கத்தரீனா உன்னை நினைத்து அழாத நாள் இல்லை.

உன் கடிதத்தை வாசித்தேன். அன்று முழுவதும் வீட்டுக்குப் போகாமல் கடற்கரையில் வள்ளங்களுக்கு நடுவில் இருந்தேன். என் கூரைக்குக் கீழே, என் பாயில் படுக்கிற மனிசன். இரவு வீட்டுக்குப் போனபோது கத்தரீனா அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "அந்தக் கோப்பையை எடு!" என்று கத்திவிட்டேன். அவள் பயந்துபோய் நின்றாள். மச்சான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கடிதம் வந்துவிட்டது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"மச்சான், ஒண்டு மட்டும் சொல்லும். அந்தாள் உள்ளுக்கை இருந்தது உமக்கு ஞாபகமிருந்ததோ, அந்தப் பயத்திலை மறந்துபோனீரோ?"

"ஞாபகமிருந்தது" என்றார்.

மறந்துபோனேன் என்று சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டு நானும் கரையேறலாம் என்று இருந்தேன். அவர் அதற்கு இடம் வைக்கவில்லை. அதற்குப் பிறகு பல நாள் அவரோடு பேசவில்லை. அவரும் வீட்டை விட்டுப் போகவில்லை. ஈப்போச் சந்தையில் அடிபட்டுச் செத்தவனை ஓயாமல் நினைத்தேன். அவனுக்கும் எந்த யன்னலுக்குப் பின்னால் யார் நின்றார்களோ, நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தச் சீனக் கிளாக்கர் திரும்பி வரப்போவதில்லை. யுத்தம் எனக்குப் பாடம் படிப்பித்தது என்று உனக்குப் பெரிதாக எழுதிக்கொண்டிருந்தேன். பாதிதான் படித்திருக்கிறேன். இதில் எது நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை.

சிவக்கொழுந்து மூன்றாந்தரம் வந்தார். இந்தமுறை மச்சான் ஒளிக்கவில்லை. தானே கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்தினார்.

"தம்பி, ஆள் இருக்கோ இல்லையோ எண்டு சொல்ல ஒருத்தருமில்லை. அகதிக் காம்பிலை கண்டதெண்டு ஒருத்தன் சொல்லுறான், மட்டக்களப்புக்குப் போனதெண்டு இன்னொருத்தன். நான் பொட்டை வைக்கிறதோ அழிக்கிறதோ?" என்றார்.

மச்சான் அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். விடியற்காலையில் அப்புத்துரை வந்து சொன்னதையும் விடவில்லை. தன்னைப் பயமுறுத்தியதைச் சொல்லாமல் விட்டார். நான் குறுக்கிட்டு, "அவங்கள் இவரையும் கொளுத்துறமெண்டவங்கள்" என்றேன். "நீங்கள் சும்மா இருங்கோ மச்சான்" என்று என்னை மறித்துவிட்டார்.

சிவக்கொழுந்து சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு, "அண்டைக்கு என்ன நாள்?" என்று கேட்டார். மே இருபத்தாறு, திங்கட்கிழமை என்றார் மச்சான். வைகாசிப் பூரணையிலிருந்து பின்னோக்கி விரல் மடித்துப் பார்த்தார். "வளர்பிறை அட்டமி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திவசத்துக்குத் திதி வேண்டுமல்லவா. இத்தனை நாளும் அதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதை எழுதாமல் விடலாமோ என்று யோசித்தேன். ஆனால் நீ எனக்கு எதையும் மறைக்கவில்லை.

"உம்மடை மனிசி சுகமாய் இருக்கிறாவோ?"

"ஓம்."

"அவ இந்தப் பக்கம் வரவேண்டாமெண்டு சொல்லும். அவவிலை பிழையில்லை. எனக்குப் பாக்க ஏலாது."

எழுந்து போனார். மச்சானும் பின்னால் போனார், நானும் போனேன். வள்ளத்தில் காத்திருந்த அவருடைய தம்பி முருகேசுவிடம் மச்சான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். கடைத்தெருச் சனமெல்லாம் கூடிவிட்டது. முருகேசு துடுப்பை ஓங்கினான். நான் பாய்வதற்குள் சிவக்கொழுந்து அவன் கையைப் பிடித்துவிட்டார். "அடிச்சால் பட்டது போதுமெண்டு நினைச்சுக்கொண்டு போயிடுவார். விடு" என்றார். வள்ளம் போய்விட்டது.

அதற்கு அடுத்த நாளே மச்சான் பொலிசில் வாக்குமூலம் கொடுத்தார், எழுதி எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அப்புத்துரையின் சாவைப் பதிய அது வேண்டியிருந்தது. இப்போது தீவெல்லாம் கதை. சிலர் என் படலையைத் தாண்டும்போது காறித் துப்புகிறார்கள். சிலர் வந்து, பெண்சாதியைக் காப்பாற்றினவன் ஆம்பிளை என்று தட்டிக்கொடுக்கிறார்கள். துப்புகிறவர்களை மச்சான் பொறுத்துக்கொள்கிறார். தட்டிக்கொடுக்கிறவர்கள் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

இப்போது நானும் அவரும் ஒன்றாய் இருந்து சாப்பிடுகிறோம். பேச்சு அதிகம் இல்லை. அவரை என்ன செய்யட்டும் என்று நீதான் சொல்லவேண்டும்.

அண்ணன்
அம்புறோஸ்


கொழும்பு,
21.8.1958

அன்புள்ள அண்ணைக்கும் மச்சாளுக்கும்,

நான் சுகம், சாப்பிடுகிறேன். மச்சாளை அழவேண்டாம் என்று சொல்லுங்கள்.

சிவக்கொழுந்து அக்கா சொன்னது சரி. நான் வரமாட்டேன். அம்மாவின் கல்லறைக்கு ஆத்துமாக்கள் திருநாளில் எனக்கும் சேர்த்து மெழுகுதிரி கொளுத்துங்கள்.

என்னைப் பதுளைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இங்கே விடுதியில் என்னோடு வேலை செய்கிற பிள்ளைகள் என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் இரவில் விழித்துக்கொண்டால், நான் எதற்கு விழித்தேன் என்று அவர்களுக்குச் சொல்ல ஏலாது. அவருக்குச் சொல்லவே தேவையில்லை.

நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லவேண்டாம். அதைச் செய்ய நான் யார்? கோபமென்றும் சொல்லவேண்டாம். வரச்சொன்னாள் என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை ரயிலில் ஏற்றிவிடுங்கள். கோட்டை ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்பேன். கண்டவுடன் என்ன பேசுவது என்று தெரியவில்லை. எப்படியும் வந்து நிற்பேன்.

ஜசிந்தா